கறுப்பின் மேல் ஒரு பொட்டு

தாமோதரன் ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைத் தன் நெஞ்சில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கோயம்புத்தூரில் மோட்டார் வேலை தெரிந்தவர்கள் பேரிங்கை இப்படித்தான் சோதிப்பார்கள். என் கணவர் முப்பது வருடம் கிணற்று மோட்டார்களைக் கேட்டுப் பழகியவர். இப்போது மோட்டார் அவருடைய நெஞ்சுக்குள்ளேயே இருந்தது.

“அடி பேரிங் அரையுது, சுகு,” என்றார். “மேல இருக்கறதுல சத்தமே இல்ல. அது நீ செஞ்சது.”

“சும்மா இருங்க. டாக்டர் பாத்துச் சொல்லட்டும்.”

“டாக்டர் நேத்தே சொல்லிட்டாரு. நீதான் எந்திரிச்சு வெளிய போயிட்ட.”

போனது உண்மைதான். டாக்டர் இமானுவேல் சொன்னதைக் கதவுக்கு வெளியே நின்றும் கேட்டேன். அடி பேரிங் தேய்ந்து தூள் விழுகிறது, தூளைச் சுற்றி ரத்தம் கட்டுகிறது. ஒரு ரத்தக்கட்டி மூளை வரைக்கும் போய் அடைத்துக் கரைந்ததில் தாமோதரனின் இடது கை இரண்டு மணி நேரம் மரத்துக் கிடந்தது. “பத்து நாளுக்குள்ள பேரிங்கை மாத்தணும். அதுக்கு மேல என் கையில இல்ல,” என்றார் இமானுவேல்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். என் கணவரின் இதயம் ஐந்து வருடத்துக்கு முன் கைவிட்டுவிட்டது. மாற்று இதயம் அவர் உடம்புக்கு ஒத்துவராது என்றார்கள். கம்பெனிகள் விற்கிற பம்புகளில் இரண்டை வைத்துப் பார்த்தார்கள், இரண்டிலும் ரத்தம் கட்டியது. கடைசியில் அவரே ஒரு பம்ப் வரைந்தார். மேலே ஒரு பேரிங், கீழே ஒரு பேரிங், ஒவ்வொன்றும் மிளகளவு மணி. தேயாத, ரத்தம் ஒட்டாத ஒரு பொருளில் அந்த இரண்டு மணிகளும் கிடைத்தால் போதும், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

அப்படி ஒரு பொருளைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். பென்சில் முனையும் கரிதான், வைரமும் கரிதான். அணுக்கள் கைகோத்து நிற்கிற விதம்தான் வேறு. பூமிக்குள் ஆயிரம் கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிற அழுத்தத்தைக் கொடுத்து, இரும்பு உருகுவதற்கும் மேலான சூட்டைக் கொடுத்தால், இதுவரை யாரும் பார்க்காத விதத்தில் அவை கைகோக்கும் என்று கணக்கு சொன்னது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் நாற்பத்தேழாவது தடவை அது நடந்தது. தேன் நிறத்தில் ஒரு மணி. வைரத்தால் கீறினோம், வைரம் தேய்ந்தது.

அந்த மணியை என் கணவரின் நெஞ்சுக்குள் வைத்தார்கள். அடியில் தற்காலிகமாகச் சாதாரண பீங்கான் பேரிங். இரண்டாவது மணியை ஒரு மாதத்தில் தருகிறேன் என்று இமானுவேலிடம் சொன்னவள் நான்தான். எவ்வளவு திமிராகச் சொன்னேன் என்பது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகு பதினான்கு மாதம், இருநூற்றுப் பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் சாம்பல் நிறத்தில் ஒரு தூள்தான் வந்தது. வெளிநாட்டுக் கூடங்களும் எங்கள் கட்டுரையைப் பார்த்துச் செய்து தோற்றன. முதலில் மரியாதையாகக் கடிதம் எழுதினார்கள். பிறகு மோசடி என்று எழுதினார்கள். மணியைக் காட்டு என்றார்கள். அதைக் காட்ட வேண்டுமென்றால் என் கணவரின் நெஞ்சைப் பிளக்க வேண்டும். அவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், எனக்கு இந்த மனிதர் வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

கரி சுத்தமாக இல்லை என்று நினைத்தேன். அதனால் மேலும் மேலும் சுத்தம் செய்தேன். காற்றை வடிகட்டினேன், ஆட்களைக் குறைத்தேன், கையுறைக்கு மேல் கையுறை போடச் சொன்னேன். சுத்தம் கூடக் கூடத் தூள்தான் வந்தது. அழுத்தம் கொடுக்கிற பிரஸ்ஸின் எட்டு உலோகக் கட்டிகள் ஒவ்வொரு செட்டாக விரிசல் விட்டன. பிரஸ் இயக்குகிற ஆறுச்சாமி கடைசி செட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, “இன்னும் ஒரே ஒரு தடவ தாங்குமுங்க மேடம். அதுக்கு மேல கேக்காதீங்க,” என்றார். புது செட் வர எட்டு மாதம் ஆகும். எங்களுக்கு இருந்தது பத்து நாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் தாமோதரன் ஸ்க்ரூடிரைவரைத் தலையணைக்கு அடியில் வைத்தார்.

“அந்த நாப்பத்தேழாவது தடவ மட்டும் என்ன வேற?”

“ஒண்ணும் வேற இல்ல. நோட்டை நூறு தடவ படிச்சுட்டேன்.”

“நோட்டுல இருக்கறத நான் கேக்கல. நோட்டுல எழுதாதது எதாச்சும்?”

“எழுதாதது எதுவும் இல்லை.”

அவர் என்னைப் பார்த்தபடி இருந்தார். ஓடுகிற மோட்டாரைப் பார்க்கிற அதே பார்வை.

“சுகு, எங்கிட்ட வர்ற ஆளுக எல்லாம் மோட்டாரு தானா நின்னுருச்சுன்னுதான் சொல்லுவாங்க. தண்ணியில்லாம ஓட்டுனத ஒருத்தனும் சொல்ல மாட்டான். சொல்லாதவன் மோட்டார ரிப்பேர் பண்ண முடியாது கண்ணு.”

நான் அவரது போர்வையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தேன். பிறகு சொன்னேன்.

நாற்பத்தேழாவது தடவை நடந்த அன்று எட்டுப் பேர் கொண்ட குழு ஒன்று கூடத்தைப் பார்க்க வந்திருந்தது. அழுத்தப்போகிற கரி உருண்டையைக் கண்ணாடித் தட்டில் வைத்திருந்தோம். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். அவர்கள் தேநீர் குடிக்கப் போனபோது நான் திரும்பி வந்தேன். கூடத்தைப் பெருக்கித் துடைக்கிற மயிலாத்தாள் தட்டின் மேல் குனிந்து நின்றாள், ஒரு விரல் நீட்டியபடி. நான் போட்ட சத்தத்தில் குழுவினர் தேநீர்க் கோப்பையோடு எட்டிப் பார்த்தார்கள். காவலாளியைக் கூப்பிட்டு, அவள் பையைத் திறந்து கொட்டிச் சோதிக்கச் சொல்லி, அந்த நிமிடமே வெளியே அனுப்பினேன். என்ன செய்தாய் என்று கேட்கவில்லை. உருண்டையை லென்ஸ் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. புது உருண்டை செய்ய இரண்டு நாள் ஆகும், குழு காத்திருந்தது. அதையே பிரஸ்ஸில் வைத்தேன். நோட்டில், “ஏதும் சேர்க்கவில்லை, யாரும் தொடவில்லை” என்று எழுதினேன்.

“அப்ப உனக்குத் தெரியும்,” என்றார் தாமோதரன்.

“விரல் பட்டிருக்கும், வியர்வையோ உப்போ ஒட்டியிருக்கும்னு நெனச்சேன். தொண்ணூறாவது தடவ யாருக்கும் தெரியாம என் விரலால தொட்டு வெச்சுப் பாத்தேன். அப்புறம் உப்பு, சோப்புத் தண்ணி எல்லாம் வெச்சுப் பாத்தேன். எதுவும் வரலை.”

“அந்தம்மாவக் கேட்டியா?”

பதினான்கு மாதத்தில் அவளைத் தவிர எல்லாவற்றையும் சோதித்திருந்தேன். அவளைக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதை அவரிடம் சொல்லும்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

சிங்காநல்லூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டில் அவளைக் கண்டுபிடித்தேன். காலை முகூர்த்தம் முடிந்து பந்தி எழுந்திருந்தது. ஆள் உட்காரக்கூடிய அளவு அண்டா ஒன்றுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“மயிலாத்தாம்மா, உங்களைப் பாக்கத்தான் வந்தேன்.”

அவள் அண்டாவிலிருந்து தலையை எடுத்தாள். “உங்களன்னெல்லாம் சொல்றீங்க. எதாச்சும் காணாமப் போயிருச்சுங்களா?”

“இல்ல. அன்னிக்கு அந்தக் கண்ணாடித் தட்டுல என்ன பண்ணினீங்க?”

தேய்க்கிற கை நின்றது. “இதக் கேக்கறதுக்குங்களா இத்தன நாளு?”

“ஆமா.”

“பொட்டு வெச்சனுங்க. திருஷ்டிப் பொட்டு.” கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். “நீங்க மூணு நாளா ஊட்டுக்குப் போகாம அதையே கட்டிக்கிட்டுக் கெடந்தீங்க. கைக்கொழந்தையாட்டம் வெச்சிருந்தீங்க. எட்டுப் பேரு குனிஞ்சு குனிஞ்சு பாத்துட்டுப் போனாங்க. எத்தன கண்ணு பட்டிருக்கும். எம் பேத்திக்குக் காச்சுன மை பையில இருந்துச்சு. கொஞ்சூண்டு எடுத்து வெச்சனுங்க.”

“நான் லென்ஸ் வெச்சுப் பாத்தேனே. ஒண்ணும் தெரியலையே.”

“கறுப்பு மேல கறுப்பு வெச்சா எங்கீங்க தெரியும்?”

நான் ஈரத் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மை எப்படிக் காய்ச்சினாள் என்று கேட்டேன். கரிசலாங்கண்ணிச் சாற்றில் வெள்ளைத் துணியை நனைத்து, காயவைத்து, திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த சட்டியில் படிந்த கரியை வழித்து நெய்யில் குழைத்ததாகச் சொன்னாள். எல்லா வீட்டிலும் செய்கிறதுதான். அப்படி அடங்கி எரிகிற சுடரின் கரியில் வெங்காயம் போல அடுக்கடுக்கான உருண்டைகள் இருக்கும் என்று நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பாலுக்கு உறை மோர் போல அவை நின்றிருக்கின்றன. மற்றக் கரியெல்லாம் அவற்றைப் பார்த்துக் கைகோத்திருக்கிறது. நான் அதற்குப் பிறகு பதினான்கு மாதம் உறை ஊற்றாத பாலை வைத்துக்கொண்டு தயிருக்குக் காத்திருந்திருக்கிறேன்.

“அந்த மை இன்னும் இருக்கா?”

“டப்பா அடியில கொஞ்சம் ஒட்டிட்டு இருக்குமுங்க. எதுக்கு?”

சொன்னேன். என் கணவருக்கு டாக்டர் பத்து நாள் கெடு சொன்னதையும், அதில் நான்கு நாள் போய்விட்டதையும், ஒரே ஒரு தடவைதான் முடியும் என்பதையும், அவர் கை மரத்துப்போனதையும் சொன்னேன். எந்த விளக்குக் கரியும் வேலை செய்யலாம், ஆனால் அந்த மை வேலை செய்தது என்று மட்டும்தான் நிச்சயமாகத் தெரியும் என்றேன்.

“கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பனுங்க,” என்றாள். “நீங்க பையத் தொறக்கச் சொன்னீங்க. எம் பைக்குள்ள இருந்து சோத்து டப்பாவ எடுத்துத் தரையில வெச்சான் அவன். அதுக்கப்புறம் என்ன எடுத்தான்னு எல்லாரும் கேட்டாங்க. ஒண்ணும் எடுக்கலன்னா யாருங்க நம்புவாங்க. எம் பொண்ணோட மாமியா இன்னிக்கு வரைக்கும் நான் போனா பீரோவப் பூட்டுதுங்க.”

“நான் பண்ணினது தப்பு. என்னை மன்னிச்சுருங்க.”

“மை தரனுங்க. ஆனா நாந்தான் வந்து வெப்பேன். பெரிய கேட்டு வழியா வருவேன். அந்த நோட்டுல எம் பேர எழுதோணும். மயிலாத்தா தொட்டா, பொட்டு வெச்சா, ஒண்ணையும் எடுக்கலன்னு எழுதோணும். எம் பொண்ணு ஊட்டுல கொண்டுபோய்க் காட்டறாப்பல ஒரு காப்பியும் வேணும்.”

“எழுதறேன்.”

“சத்தியமாங்களா?”

“அவர் மேல சத்தியமா.”

அன்று மாலையே தாமோதரனிடம் மையைப் பற்றியும் சத்தியத்தைப் பற்றியும் சொன்னேன். மறுநாள் காலை மயிலாத்தாள் கருநீலப் பட்டுக்கரைச் சேலையில் வந்தாள். வருகையாளர் பதிவேட்டில் என் கையால் அவள் பெயரை எழுதி, பெரிய கேட் வழியாகக் கூட்டிப்போனேன். ஆறுச்சாமி நாற்காலி எடுத்துப் போட்டார். கையுறை வேண்டாம் என்றேன். அவள் டப்பாவின் அடியை மோதிர விரலால் வழித்து, கரி உருண்டையின் மேல் வைத்தாள். எதுவும் தெரியவில்லை.

“நல்லா வெச்சீங்களா?”

“வெச்சுட்டனுங்க,” என்றாள்.

பிரஸ் முனகத் தொடங்கியது. ஆறுச்சாமி அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒரு கட்டி விட்டுக்கொடுத்தாலும் எல்லாம் போச்சு. உச்ச அழுத்தத்தில் நாற்பது நிமிடம் நிறுத்த வேண்டும். முப்பத்திரண்டாவது நிமிடம் உள்ளே எதோ முறிகிற ஓசை கேட்டது. “நிக்குதுங்க, நிக்குதுங்க,” என்று ஆறுச்சாமி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மீதி எட்டு நிமிடத்தையும் கடந்தோம். அழுத்தத்தை மெல்ல மெல்ல இறக்கி, அதற்கு அடுத்த நாள் காலை திறந்தோம். எட்டில் ஐந்து கட்டிகள் பிளந்து கிடந்தன. நடுவில் தேன் நிறத்தில் ஒரு மணி இருந்தது.

ஆறுச்சாமி கும்பிட்டார். திறப்பதைப் பார்க்க வந்திருந்த மயிலாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சந்தோஷம் பத்து நிமிடம் கூட நிற்கவில்லை.

இமானுவேல் போனில் கூப்பிட்டார். விடிகாலையில் தாமோதரனுக்கு மறுபடியும் மூளையில் அடைப்பு வந்திருந்தது, இந்தத் தடவை பேச்சு குழறியது. “மணி வந்துட்டா உடனே அனுப்புங்க. ஆபரேஷன் தியேட்டர் ரெடி. படிவத்துல மூணே வரி. மூலப்பொருள் என்ன, என்ன சேத்தீங்க, யாரு தொட்டாங்க. போன தடவ எழுதின மாதிரியே எழுதிடுங்க, நோட்டோட நகலும் வேணும்.”

“ஒரு வார்த்தை மாறினா?”

“மாறினா அது புதுப் பொருள் மேடம். அனுமதி குடுக்கற கமிட்டி கூடணும். ரெண்டு மாசம் ஆகும். ஏன், எதாவது மாறுதா?”

“இல்லை,” என்றேன்.

படிவத்தை மேசையில் வைத்தேன். தூய கரி. ஏதும் சேர்க்கவில்லை. யாரும் தொடவில்லை. நோட்டிலும் அதையே எழுதினேன். மயிலாத்தாள் என் தோளுக்குப் பின்னால் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள்.

“யாரும்… தொட… வில்லை,” என்று முடித்தாள். “எம் பேரு அடுத்த பக்கத்துலங்களா?”

“இல்ல மயிலாத்தாம்மா. உங்க பேரை எழுதினா இதை அவருக்கு வெக்க மாட்டாங்க. ரெண்டு மாசம் நிறுத்திருவாங்க. அவருக்கு ரெண்டு நாள் கூட இல்ல.”

“அப்புறமா எழுதுவீங்களா?”

பின்னால் எழுதினால், பொய்யான நோட்டை வைத்து இரண்டு மணிகளை ஒரு மனிதனின் நெஞ்சில் வைத்தேன் என்று ஆகும். இமானுவேலுக்கும் வேலை போகும், எனக்கும் போகும். நான் நோட்டை மூடினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

“அவரு மேல சத்தியம் பண்ணுனீங்களே,” என்றாள்.

அவள் குரலில் கோபமிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் முகத்தில் இருந்தது பயம். மணியை வைத்து மூடியிருந்த சின்ன எஃகுப் பெட்டியைப் பார்த்தாள். மைடப்பாவைத் திறந்து, அடியை இன்னொரு தடவை அழுத்தி வழித்து, பெட்டியின் மூடியில் ஒரு பொட்டு வைத்தாள். எஃகின் மேல் அது நன்றாகத் தெரிந்தது.

“சத்தியத்த மீறுனா அவருக்குத்தானுங்க வரும். அதுக்குத்தான் வெச்சேன். பொழச்சு வரட்டும்.”

காலி டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். ஜன்னல் வழியே பார்த்தேன். பெரிய கேட்டில் காவலாளி அவளை நிறுத்திப் பையைத் திறக்கச் சொன்னான். வெளியே போகிற எல்லாரையும் அப்படிச் சோதிக்கச் சொல்லி, அவளைத் துரத்திய அன்றைக்கு உத்தரவு போட்டதும் நான்தான். திறந்து காட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற பெட்டியில் ஒரு கறை கூட இருக்கக்கூடாது. பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு அந்தப் பொட்டைத் துடைத்தேன். நெய் கலந்த மை, லேசில் போகவில்லை. மூன்று பஞ்சு ஆயிற்று.

ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டு நாள் கழித்து தாமோதரன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தார். பேச்சு திரும்பியிருந்தது. தலையணைக்கு அடியிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து நெஞ்சில் ஊன்றிக் கேட்டார். பிறகு என்னிடம் கொடுத்தார். நானும் கேட்டேன். அரைக்கிற சத்தம் இல்லை. எந்தச் சத்தமும் இல்லை.

“ரெண்டும் ஒண்ணாட்டம் ஓடுது. எனக்கப்புறமும் ஓடும் போல,” என்று சிரித்தார். “அந்தம்மாவ ஒரு நாள் கூட்டிட்டு வா. பாக்கோணும்.”

“வரச் சொல்றேன்.”

“நோட்டுல அவங்க பேர எழுதுனியா?”

“எழுதினேன்,” என்றேன்.

அவர் என் கையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை வாங்கினார். விளையாட்டுக்குத்தான், முனையை என் நெஞ்செலும்பில் மெல்ல ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக் கேட்டார். முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது போயிற்று. ஸ்க்ரூடிரைவரைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.